கொழும்பில் ஒரு பிரபு குடும்பம்: சர் முத்துக் குமாரசுவாமியும் அவர் இல்லத்தாரும்

கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இலங்கையிலிருந்து வந்து குடியேறியோர் எழுப்பிய இரண்டு வழிபாட்டிடங்கள் உள்ளன. ஜாலான் பெர்ஹாலாவில் அமைந்திருப்பது சிங்களப் பௌத்தர்களின் விகாரை. 1894ஆம் ஆண்டு தோன்றிய சங்கம் ஒன்றின் முயற்சியால் உருவானது. ஸ்காட் சாலைப் பக்கம் அமைந்திருப்பது இலங்கைத் தமிழர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கந்தசுவாமி கோயில். ஒன்று புத்தர் பெருமானுக்குரியது. மற்றொன்று முருகப் பெருமானுக்குரியது. இரண்டுக்கும் இடையே நடந்து செல்லச் சிறிது நேரமே ஆகும்.

இவ்விரு நெறிகளையும் தம் எழுதுகோலால் இணைத்த தமிழர் ஒருவர், இவ்வாலயங்கள் எழுவதற்கு முன்னரே கொழும்பு மாநகரில் வாழ்ந்து மறைந்தார். பிறப்பால் சைவர், பௌத்த பாளி நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சட்ட நிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக வீற்றிருந்தவர். விக்டோரியா மகாராணியாரின் அரசிடம் 'சர்' பட்டம் பெற்றவர். ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்தவர். அவர்தாம் சர் முத்துக் குமாரசுவாமி. கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை என்றால் பலர்க்கு விளங்கும்.

மைந்தரின் புகழ் தந்தையை மறைத்துவிட்டது. எனினும் இம்மனிதரின் வாழ்வையும், அவரைச் சூழ்ந்திருந்த குடும்பத்தையும் நோக்கினால், அந்நிய ஆட்சியில் ஒரு தமிழ்ப் பிரபு குடும்பம் எவ்வாறு உயர்ந்தது, அவ்வுயர்வால் பிறர்க்கு விளைந்தது யாது என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்கும்.

'முதலியார்' என்னும் பதவி

தமிழ்நாட்டில் முதலியார் என்றால் ஒரு சாதிப் பெயராகவே கொள்வர். இலங்கையில் அஃது ஒரு பதவியின் பெயரும் ஆகும். போர்த்துக்கேசியரும், அவர்க்குப் பின் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் உள்நாட்டு மக்களிடையே தம் ஆணையை நடத்துவதற்கு உள்நாட்டுப் பெரிய மனிதர் சிலரையே கருவியாகக் கொண்டனர். அவர்களுக்கு அளித்த பட்டங்களுள் ஒன்று முதலியார். ஊர்ப் பொறுப்பு, வரி, வழக்கு, மொழிபெயர்ப்பு முதலியவை அவர்கள் கையில் இருந்தன. கவர்னரின் மாளிகை வாயிலிற் பணிபுரியும் தகுதி பெற்றவர் 'கேட் முதலியார்' எனப்பட்டார். ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் நடுவே நின்ற கதவு இவர்கள் என்று சொன்னால் பொருந்தும்.

முத்துக் குமாரசுவாமியின் தந்தையார் ஆறுமுகநாத பிள்ளை குமாரசுவாமி யாழ்ப்பாண நாட்டின் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். தமிழும் ஆங்கிலமும் கற்று, கவர்னரின் தமிழ் மொழிபெயர்ப்பாளராகவும் கேட் முதலியாராகவும் உயர்ந்தார். 1833ஆம் ஆண்டு, கோல்புறூக், கமெரோன் என்னும் இருவர் அளித்த அறிக்கையை ஒட்டி, இலங்கையில் சட்ட நிரூபண சபை ஒன்று நிறுவப்பட்டது. அதில் ஒன்பதின்மர் அரசாங்க உத்தியோகஸ்தர். அறுவர் உத்தியோகப் பற்றற்றோர். அவ்வறுவருள் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய மூன்று இடங்கள் சிங்களவர், பறங்கியர், தமிழர் ஆகியோர்க்கு ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்டன. இம்மூன்று இடங்களும் 1835இல் நிரப்பப்பட்டபோது, தமிழர்க்குரிய நாற்காலியில் முதன்முதலாக அமர்ந்தவர் குமாரசுவாமி முதலியாரே.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். அந்நாற்காலிக்குத் தேர்தல் இல்லை, வாக்குச்சீட்டு இல்லை. கவர்னர் யாரை விரும்புகிறாரோ அவரே பிரதிநிதி. எவருடைய பிரதிநிதி என்று பெயர் சொல்லப்பட்டதோ, அம்மக்களுக்கு அவரை அமர்த்தும் உரிமையும் இல்லை, நீக்கும் உரிமையும் இல்லை.

சபையில் அமர்ந்த மறு ஆண்டே, அதாவது 1836இல், குமாரசுவாமி முதலியார் காலமானார். அப்பொழுது முத்துக் குமாரசுவாமி சிறு குழந்தை. தந்தையை அறியாமலே வளரும் நிலை இக்குடும்பத்தில் இன்னொரு முறையும் நேர இருந்தது.

கொழும்பிலிருந்து இலண்டனுக்கு

இளைஞர் முத்துக் குமாரசுவாமி கொழும்பு அக்காடமியில் கல்வி பயின்றார். இதுவே பிற்காலத்தில் ரோயல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அங்கே 1851இல் டர்னர் பரிசு அவருக்குக் கிடைத்தது. மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜோர்ஜ் டர்னர் என்னும் அதிகாரியின் நினைவாக ஏற்பட்ட பரிசு அது. பாளி மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பெயரால் பரிசு பெற்ற மாணவர், பின்னாளில் தாமே பாளி மொழிபெயர்ப்பாளராக விளங்கியது சுவையான பொருத்தம்.

1856இல் அவர் கொழும்பு நீதிமன்றத்தில் அட்வகேட் ஆனார். 1860களின் தொடக்கத்தில் தந்தை அமர்ந்திருந்த தமிழர் நாற்காலி அவருக்கு வந்தது. அதன்பின் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் வழங்கும் நான்கு சங்கங்களுள் ஒன்றாகிய லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்து, 1863ஆம் ஆண்டு பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

இச்செய்தியின் அருமையை இன்று நாம் உணர்வது கடினம். கோலாலம்பூரில் எத்தனையோ தமிழ் வழக்கறிஞர்கள் அதே சங்கங்களிற் பட்டம் பெற்றிருக்கிறார்கள். ஆயின், 1863க்கு முன்னர்க் கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டரானதில்லை. வங்காளத்து ஞானேந்திரமோகன் தாகூர் இவருக்குச் சற்று முன்னர் அப்பட்டம் பெற்றார். ஆனால் அவர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். தம் சமயத்தை விடாமலே அக்கதவைத் திறந்தவர் முத்துக் குமாரசுவாமி. பட்டத்துக்காகத் திருநீற்றை அழிக்க வேண்டுவதில்லை என்பது பின் வந்தோர்க்கு அவர் காட்டிய வழி.

அதே 1863இல் அவர் இலண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். நம் நாட்டுத் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் விடிய விடியக் கூத்தாக ஆடப்பட்ட அரிச்சந்திரன் கதையின் தமிழ் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த நூல் அது. மகாராணியார் முன்னிலையில் இந்நாடகம் நடைபெற்றதென்றும், அரிச்சந்திரன் வேடத்தை மொழிபெயர்ப்பாளரே தாங்கினார் என்றும் கூறுவர். மகாராணியின் நாட்டார்க்குத் தமிழனைப் பற்றிச் சொல்ல நேர்ந்தபோது, வாய்மைக்காக நாடும் மனைவியும் மகனும் இழந்து சுடலை காத்த மன்னனை அவர் தேர்ந்தெடுத்தார் என்பதே நாம் கருதத்தக்கது. பணிவு காட்டுவதற்கு ஏற்ற கதைகள் எத்தனையோ இருந்தும், எவர்க்கும் தலை வணங்காத வாய்மையின் கதையையே அவர் முன் வைத்தார்.

இலண்டன் பெருமக்களின் விருந்துகளில் அவர் விரும்பப்பட்ட விருந்தினர். ஹௌட்டன் பிரபு அவருக்கு நண்பர். பிரதமர் டிஸ்ரேலியும் அவரை அறிந்திருந்தார். டிஸ்ரேலி 1881இல் இறந்தபோது முடிவுறாத நாவல் ஒன்றை விட்டுச் சென்றார். அது 1905இல் 'டைம்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. அதில் இலங்கையிலிருந்து வந்த குசிநாரா என்னும் அறிஞர் ஒருவர் வருகிறார். புத்தர் பெருமான் மறைந்த ஊரின் பெயரே அப்பாத்திரத்தின் பெயர். முத்துக் குமாரசுவாமியை மனத்திற் கொண்டே அப்பாத்திரம் படைக்கப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

சைவர் பெயர்த்த பௌத்த நூல்கள்

1874ஆம் ஆண்டு அவர் வாழ்வின் உச்சம் எனலாம். அவ்வாண்டு அவருக்குச் 'சர்' பட்டம் அளிக்கப்பட்டது. அதே ஆண்டு பாளி மொழியிலிருந்து அவர் பெயர்த்த இரண்டு நூல்கள் இலண்டனில் வெளிவந்தன. ஒன்று தாடாவம்சம், கண்டி மாநகரில் போற்றப்படும் புத்தரின் புனிதப் பல்லின் வரலாறு கூறுவது. மற்றொன்று சுத்த நிபாதத்தின் ஒரு பகுதி. புத்தரின் மிகப் பழைய உரைகளையும் உரையாடல்களையும் கொண்டது. சுத்த நிபாதம் முழுமையாக ஆங்கிலத்தில் வந்தது 1881இலேதான். அதைச் செய்தவர் டென்மார்க் நாட்டுப் பேரறிஞர் பௌஸ்பெல். அவருக்கு ஏழாண்டுகள் முன்னரே தமிழர் ஒருவர் அவ்வழியிற் சென்றிருந்தார்.

காலத்தையும் நோக்குக. 1873இல் பாணந்துறை என்னும் ஊரில் பௌத்த பிக்குகளுக்கும் கிறிஸ்தவப் பாதிரிமார்க்கும் இடையே புகழ்பெற்ற வாதம் நடைபெற்றது. இலங்கைப் பௌத்தர் மீண்டும் தலைநிமிர்ந்த காலம் அது. அதற்கு அடுத்த ஆண்டில், சைவக் குடியிற் பிறந்து தமிழர் சார்பில் சபையில் அமர்ந்த ஒருவர், பௌத்த நூல்களை உலக அரங்கில் ஏற்றினார். தம் சமயத்தில் உறுதி உள்ளவனுக்குப் பிறர் சமயத்தைப் போற்றுவதில் அச்சம் இராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆங்கில மனைவியும் இரு நாட்டு மைந்தரும்

1875ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சர் முத்துக் குமாரசுவாமி எலிசபெத் கிளே பீபி என்னும் நங்கையை மணந்தார். அவர் கெந்து நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆசியர் ஒருவரை ஆங்கிலப் பெண் மணப்பது இலண்டனில் அரிது. கடல் கடந்தால் குலம் கெடும் என்று அஞ்சிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் நிறைந்திருந்த காலமும் அது. இரு பக்கத்தார் புருவங்களும் உயர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கப் புலமை வேண்டுவதில்லை.

தம்பதியர் கொழும்புக்கு வந்தனர். 1877 ஆகஸ்டு 22இல் அவர்களுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. ஆனந்தன் என்பது புத்தரின் அணுக்கத் தொண்டர் பெயர். சைவர் நாவிலும் பழகிய சொல். அதனோடு தாயின் ஊரை நினைவூட்டக் 'கெந்திஷ்' என்பதையும் சேர்த்து, 'ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி' என்று பெயரிட்டனர். தாயின் மண்ணும் தந்தையின் கல்வியும் பாட்டனார் பெயரும் ஒருங்கே அமைந்த பெயர் அது.

1879இல் எலிசபெத் அம்மையார் குழந்தையுடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். சர் முத்துக் குமாரசுவாமி பின்னர்க் கப்பலேறுவதாக ஏற்பாடு. சிறுநீரக நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. 1879 மே 4ஆம் நாள் அவர் கொழும்பில் உயிர் நீத்தார். கப்பலேற வேண்டிய நாளும் அதுவே என்பர். குழந்தைக்கு அப்பொழுது இரண்டு வயதும் நிரம்பவில்லை.

தந்தையை இழந்த குழந்தையாக வளர்ந்தவர், தம் குழந்தையையும் அதே நிலையில் விட்டுச் சென்றார். அம்மையார் இலங்கையில் வாழத் திரும்பவில்லை. மைந்தரை இங்கிலாந்திலேயே வளர்த்துப் படிக்க வைத்தார். கணவனின் செல்வாக்கு, சபை, பட்டம் ஆகிய அனைத்தும் கடலுக்கு அப்பால் நின்றுவிட, அக்குடும்பத்தின் ஒரு கிளை ஒரு விதவைத் தாயின் கையில் தனியே வளர்ந்தது.

மாமனும் மருமக்களும்

மற்றொரு கிளை கொழும்பில் இருந்தது. சர் முத்துக் குமாரசுவாமியின் தமக்கை செல்லாச்சி அம்மையார். அவரை மணந்தவர் மானிப்பாயைச் சேர்ந்த அருணாசலம் பொன்னம்பல முதலியார். கொழும்புக் கச்சேரியில் காசாளராக இருந்தவர். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை நிறுவியவர். இவர்க்கு மூன்று ஆண் மக்கள்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். தந்தை கோயிலும் கணக்குமாக இருக்க, பெரும் உலகைக் காட்டியவர் தாய்மாமன். தமிழ்க் குடும்பங்களில் தாய்மாமனுக்குரிய இடத்தைச் சொல்லத் தேவையில்லை. காது குத்துவது முதல் கல்யாணம் வரை அவர் கை வேண்டும். இவ்வீட்டில் அக்கை மருமக்களின் உத்தியோகம் வரைக்கும் நீண்டது.

இளையவர் அருணாசலம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் பயின்று, மாமனின் விருப்பத்துக்கிணங்கச் சிவில் சர்வீஸ் தேர்வு எழுதினார் என்பர். 1875இல் திறந்த போட்டியில் வென்று இலங்கைச் சிவில் சர்வீஸிற் சேர்ந்த முதல் இலங்கையர் அவரே. நடுவர் இராமநாதன் சென்னை இராஜதானிக் கல்லூரியிற் படித்துப் பின் கொழும்பில் அட்வகேட் ஆனார்.

1879இல் மாமன் மறைந்ததும், தமிழர் நாற்காலி யார்க்கு என்ற வினா எழுந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்னும் வழக்கறிஞர் பெயரும் அடிபட்டது. அப்பொழுது யாழ்ப்பாணத்தில் கூட்டம் கூட்டி இராமநாதனுக்கு ஆதரவு திரட்டியவர் யார் தெரியுமா? ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். 1877இல் பஞ்சம் வந்தபோது கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்த அதே நாவலர். கவர்னர் அளிக்கும் நாற்காலியே ஆயினும், அது யார்க்குப் போக வேண்டும் என்று ஊர் கூடிப் பேசலாம் என்பதை மக்கள் அங்கே பழகினர். நாவலரும் அவ்வாண்டு டிசம்பரில் சிவபதம் எய்தினார்.

நாற்காலி இராமநாதனுக்கே கிடைத்தது. அவர் 1892இல் சொலிசிட்டர் ஜெனரல் ஆனபின், தமையனார் குமாரசுவாமி அதில் அமர்ந்தார். பாட்டன், மாமன், மருமகன், அவன் தமையன் என ஒரே குடும்பத்தில் நால்வர்! இடையிடையே வேறு சிலர் இருந்தனராயினும், ஜமீன் சொத்துப்போல் அந்நாற்காலி அவ்வீட்டு முற்றத்திலேயே சுற்றி வந்தது.

எவர்க்குப் பிரதிநிதி?

இங்கேதான் நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். சர் முத்துக் குமாரசுவாமி சபையில் இருந்த அதே ஆண்டுகளில், இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பெருந்திரளாக உழைத்தனர். அவர்களும் தமிழரே. ஆயின், 'தமிழர் பிரதிநிதி' என்ற சொல்லுக்கும் அவர்கள் குடிசைகளுக்கும் இடையே ஒரு நூலிழைத் தொடர்பும் அச்சபையின் அமைப்பில் இல்லை. மனிதர் நல்லவர், கற்றவர் என்பது வேறு. அமைப்பு யார் குரலைக் கேட்கிறது என்பது வேறு. நாற்காலியை அளித்தவர் கவர்னர். ஆதலால் அது கவர்னரின் பக்கமே திரும்பியிருந்தது.

அவ்விழையை நூற்கத் தொடங்கியது அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை. அருணாசலம் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தையும் நிறுவினார். தோட்டத் தொழிலாளியைக் கட்டிவைத்த 'துண்டு' முறைக்கு எதிராகப் போராடினார். தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த சீட்டே துண்டு. அக்கடனைப் புதிய முதலாளி தீர்த்தாலன்றி அவன் தோட்டம் மாற இயலாது. கடனோ தீராது, ஒரு துண்டுக் காகிதம் மனிதனைக் கட்டிவைத்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டதைக் கிள்ளான், கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டக் குடும்பத்தார் முன்னோர் வாய்மொழியாகக் கேட்டிருப்பர். அவ்வரலாற்றுக்கு இஃது உடன்பிறப்பு.

இலங்கையிற் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 முதல் இயக்கம் நடத்தியவரும் அருணாசலமே. 1919இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரும் அவரே. 1924இல் தலயாத்திரை சென்றபோது மதுரையில் அவர் உயிர் நீத்தார்.

தமையனார் இராமநாதன் கதை இன்னும் சிக்கலானது. படித்த இலங்கையர்க்கென ஏற்பட்ட ஒரே இடத்துக்கு 1911இல் முதன்முதலாகத் தேர்தல் நடந்தபோது அவரே வென்றார். நாற்பது இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் வாக்குரிமை பெற்றோர் சுமார் மூவாயிரவர்! 1915இல் கலவரத்தைச் சாக்கிட்டுச் சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டபோது, அவர்களுக்காகக் கடல் கடந்து சென்று வாதாடினார். திரும்பி வந்தபோது சிங்களப் பெருமக்களே அவரை வண்டியில் அமர்த்தி இழுத்துச் சென்றனர். யாழ்ப்பாணத்தில் 1913இல் பெண்களுக்கெனக் கல்லூரி கண்டார். ஆஸ்திரேலியாவிற் பிறந்து அவரை மணந்து சைவநெறி தழுவிய லீலாவதி அம்மையார் அக்கல்லூரியைப் பேணினார். மாமன் வீட்டில் ஆங்கிலப் பெண் புகுந்தது போல மருமகன் வீட்டிலும் அயல்நாட்டுப் பெண் புகுந்து, தமிழ்ப் பெண்களின் கல்விக்கு உழைத்தது குறிப்பிடத்தக்கது.

ஆயினும், இலங்கை மக்கள் அனைவர்க்கும் வாக்குரிமை அளிக்க டொனமூர் ஆணைக்குழு பரிந்துரைத்தபோது, அதை எதிர்த்தவர்களுள் இராமநாதனும் ஒருவர். 1930 நவம்பரில் அவர் மறைந்தார். 1931இல் ஆணும் பெண்ணும் வாக்களிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வழங்கப்பட்ட நாற்காலியில் வளர்ந்த குடும்பத்துக்கு, கேட்டுப் பெறும் நாற்காலி பழகவில்லை போலும்! 1947 பொதுத் தேர்தலில் அருணாசலத்தின் மைந்தர் சர் அருணாசலம் மகாதேவா யாழ்ப்பாணத் தொகுதியில் ஜி. ஜி. பொன்னம்பலத்திடம் தோற்றார். 1835இல் கவர்னர் கையொப்பத்தால் தொடங்கிய பரம்பரை உரிமை என்னும் எண்ணத்துக்கு வாக்காளர் அன்று முற்றுப்புள்ளி வைத்தனர்.

தந்தை முகம் அறியாத மைந்தர்

அதே 1947இல், செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் அருகே ஆனந்த குமாரசுவாமி காலமானார்.

இங்கிலாந்தில் தாயால் வளர்க்கப்பட்ட இவர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நில இயலும் தாவர இயலும் கற்றார். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்கு இயக்குநராக 1903இல் வந்து, மறு ஆண்டிலேயே தோரியனைட்டு என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர் கண்ணிற் பட்டவை சிதைந்த கோயில்களும், வறுமையிற் கைத்தொழிலைக் கைவிடும் கம்மாளரும், மேல்நாட்டு உடையில் மயங்கிய கனவான்களும். 1905இல் சமூகச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, பொருந்தாத ஐரோப்பிய வழக்கங்களைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டித்தார். எந்த வகுப்பில் தந்தை தலைமை பெற்றாரோ, அந்த வகுப்பையே மைந்தர் கண்டித்தார் என்பது நோக்கத்தக்கது.

ஆனால் ஆழ்ந்து பார்த்தால் மைந்தர் தந்தையின் பாதையில்தான் நடந்திருக்கிறார். சைவத் தந்தை பௌத்தரின் தாடாவம்சத்தைப் பெயர்த்தார். மைந்தர் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி 1908இல் பெருநூல் வெளியிட்டார். தந்தை அரிச்சந்திரனை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். மைந்தர் தில்லைக் கூத்தனை உலகுக்குக் காட்டினார். 1918இல் நியூயார்க்கில் வெளிவந்த 'சிவ நடனம்' என்னும் நூல், திருமந்திரமும் உண்மை விளக்கமும் கூறும் ஐந்தொழிலைக் கொண்டு நடராச வடிவத்தின் பொருளை விளக்கியது. இன்று உலகக் காட்சிச் சாலைகளில் நடராசர் முன் நின்று அயல்நாட்டார் அதன் தத்துவத்தைப் பேசுகிறார்கள் என்றால், அதற்கு அடிகோலியோருள் முதன்மையானவர் அவரே.

இரண்டு வயதும் நிரம்பாத பருவத்தில் இழந்த தந்தையிடம் அவர் நேரிற் கற்றது ஒன்றுமில்லை. நூல்களும் பெயரும் மட்டுமே வந்தன. அவை போதுமாயிருந்தன.

நம்மூரிலிருந்து நோக்குங்கால்

சர் முத்துக் குமாரசுவாமியைப் போன்றோர் நம் நாட்டிலும் இருந்தனரா? பட்டத்தோடு பிறந்த தமிழ்ப் பிரபுக்கள் சிலாங்கூரில் இல்லை. ஆனால் நடுவே நின்று கதவாக விளங்கியவர் இருந்தார். சிங்கப்பூரில் 1850இல் பிறந்த தம்புசாமிப் பிள்ளை, டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராக இருந்தவர். டேவிட்சன் 1875இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்தபோது உடன் வந்து, உத்தியோகத்திலும் ஈயத் தொழிலிலும் உயர்ந்தார். மகாராணியாரின் பெயர் தாங்கி 1893இல் தோன்றிய விக்டோரியா கல்விக் கழகத்துக்கு உதவியோருள் அவரும் ஒருவர். பத்துமலையில் வேல் நாட்டிய பெருமையும் அவரைச் சாரும். 1902இல் மறைந்த அவரை இன்று நாம் நினைப்பது எதனால்? அவர் பெற்ற உத்தியோகத்தாலா? இல்லை. பள்ளியாலும் கோயிலாலும்.

சட்டசபை வரலாறும் ஒத்தே இருந்தது. 1909இல் மலாயாவில் அமைந்த கூட்டரசுச் சபையும் நியமனச் சபையே. இந்தியர்க்கென எஸ். என். வீராசாமி 1928இல் அதில் அமர்த்தப்பட்டார். நாடு தழுவிய முதல் பொதுத் தேர்தலுக்கு 1955 வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இந்நாட்டின் முதல் இருப்புப் பாதை அமைந்தபோது, இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் அவ்வேலையிற் பங்கு கொண்டனர். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. அதன்பின் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் எழுத்தராகவும், நிலைய அதிகாரியாகவும், மேற்பார்வையாளராகவும் வந்து பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளை நிரப்பினர். அவர்கள் முதலியார் மக்கள் அல்லர். கவர்னர் மாளிகை வாயிலைக் கண்டவரும் அல்லர். பனந்தோப்பும் கமத் தோட்டமும் உடைய சிறு குடும்பத்தினர். அவர்கள் கையில் இருந்தது ஒரே முதல்: பள்ளியில் கற்ற ஆங்கிலம். ஒரு பிரபு குடும்பத்துக்கு 1863இல் திறந்த கதவு, முப்பதாண்டுகளில் எளியவர்க்கும் சிறிதளவு திறந்தது. அதன் வழியே வந்தவர்கள் முதலில் செய்தவை என்ன? கோயில் கட்டினர், வாசகசாலை அமைத்தனர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர்.

ஆகவே, சர் முத்துக் குமாரசுவாமியின் இல்லம் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே: நாற்காலி வழங்குவோர் கையிலுள்ளது, ஒரு நாள் வரும், ஒரு நாள் போகும். 1835இல் வந்தது, 1947இல் போயிற்று. பட்டம் ஒருவர் வாழ்நாளோடு முடியும். ஆயின், பெயர்த்த நூலும், எழுப்பிய கல்லூரியும், அறுத்த துண்டும் நிலைத்து நிற்கின்றன. தந்தையின் மடியில் வளரும் பேறு பெறாத இருவர் இக்குடும்பத்தில் பேரறிஞராயினர் என்றால், பிள்ளைக்கு விட்டுச் செல்லத்தக்கது எது என்பதை நாம் வேறெங்கும் தேட வேண்டுவதில்லை.